குழாய்க்குள் அடங்காத வேகம்!

குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும். அதற்காகத்தான் குழாய்.

வராவிட்டால் வீட்டில் சண்டை. சொட்டுச் சொட்டாக வந்தால் கவலை. "சர்"ரென்று பாய்ந்து வந்தால்? எல்லாருக்கும் மகிழ்ச்சி! "எங்கள் வீட்டில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது, பார்த்தீர்களா?" என்று வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்வார்கள்.

அந்தப் பெருமை ஒரு நாள் கண்ணீரில் முடியலாம்.

தண்ணீர் குறைவாக வருவது ஒரு தொல்லை என்றால், அளவுக்கு மீறிய வேகத்தில் வருவதும் ஒரு தொல்லைதான். முதல் தொல்லை கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது தொல்லை சுவருக்குள் ஒளிந்திருக்கும்.

ஊர் மாறியது

செங்கல்பட்டு மாவட்டம் 2019-ம் ஆண்டு நவம்பர் மாதம் காஞ்சீபுரம் மாவட்டத்தில் இருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. இந்த மாவட்டத்தின் கிழக்கு ஓரம் முழுவதும் கடல். கோவளம், நெம்மேலி, மாமல்லபுரம், கல்பாக்கம் என்று கரையோரமாக ஊர்கள் வரிசையாக இருக்கின்றன.

ஒரு காலத்தில் இங்கே ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளும்தான் அதிகம். கிணற்றடியில் கயிறும் வாளியும் இருக்கும். தெருவில் ஒரு குழாய் இருக்கும். அதன் முன்னால் குடங்கள் வரிசையாக நிற்கும். அப்பொழுது "தண்ணீர் வேகம் அதிகம்" என்று யாராவது புகார் சொல்லியிருந்தால், கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள்!

இன்று நிலைமை வேறு. கேளம்பாக்கம், படூர், சிறுசேரி, தையூர் பக்கம் போய்ப் பாருங்கள். வானத்தைத் தொடுவது போல அடுக்கு மாடி வீடுகள் எழுந்து நிற்கின்றன. சிறிய வீடுகளில்கூட மொட்டை மாடியில் தொட்டி. தொட்டி பக்கத்தில் "பிரஷர் பம்ப்".

வீடு உயர்ந்தது. தண்ணீரின் வேகமும் உயர்ந்தது.

காரின் மேல் மழை!

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்வோம்.

இருபது மாடிக் கட்டிடம். அதில் முதல் மாடியில் வீடு. கணவன், மனைவி, பாட்டி, இரண்டு பிள்ளைகள். கீழே கார் நிறுத்தும் இடம்.

கொஞ்ச நாளாகவே அந்த வீட்டுக் குழாய்களில் தண்ணீர் பீறிட்டு அடித்தது. பாத்திரம் கழுவினால் புடவை நனைந்தது. சலவை இயந்திரம் ஓடும்போது சுவருக்குள் "டொக், டொக்" என்று சத்தம் கேட்டது.

"யாரோ சுவரைத் தட்டுகிறார்கள்" என்றாள் சின்னப் பெண்.

"அது ஒன்றும் இல்லை, போய்ப் படி" என்றார் அப்பா. ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வரும் பெரிய வால்வைத் தேடிப் பிடித்தார். அதைப் பாதி மூடினார். குழாயைத் திறந்து பார்த்தார். வேகம் குறைந்திருந்தது.

"சரியாகிவிட்டது!" என்றார். எல்லாரும் நம்பினார்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை குடும்பத்தோடு மதுராந்தகத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். வீடு பூட்டப்பட்டது. விளக்குகள் அணைக்கப்பட்டன. வால்வு பாதி திறந்தபடியே இருந்தது.

நள்ளிரவு. கட்டிடம் முழுவதும் உறங்கியது. ஒரு குழாயும் ஓடவில்லை. அப்பொழுதுதான் சமையல் அறைத் தொட்டிக்கு அடியில் இருந்த வளையும் குழாய் வெடித்தது.

காலை 6 மணிக்குக் காவல்காரர் பார்த்தார். வானத்தில் மேகம் இல்லை. ஆனால் கார்களின் மேல் மழை கொட்டியது!

நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று குறைவாகவே கணக்குப் போடுவோம். ஒரு மணி நேரத்துக்கு 1,200 லிட்டர். ஆறு மணி நேரத்துக்கு 7,200 லிட்டர். அது 12,000 லிட்டர் லாரியில் பாதிக்கும் மேல்! பீரோவின் கால்கள் ஊறின. மெத்தை நனைந்தது. பிள்ளைகளின் புத்தகங்கள் கூழாயின.

கதை கற்பனைதான். ஆனால் அதில் நடந்த ஒவ்வொன்றும் எந்த உயர்ந்த கட்டிடத்திலும் நடக்கக் கூடியது.

வால்வைப் பாதி மூடிய பிறகும் குழாய் ஏன் வெடித்தது? அதுவும் யாரும் தண்ணீர் பிடிக்காத நேரத்தில் ஏன் வெடித்தது?

அதற்கு விடை தெரிந்தால் பாதி ஆபத்து தீர்ந்தது.

உயரமே பலம்

தண்ணீருக்கு எடை உண்டு. உயரத்தில் இருக்கும் தண்ணீர், அடியில் இருக்கும் தண்ணீரை அழுத்துகிறது. அந்த அழுத்தம்தான் குழாயில் வேகமாக மாறுகிறது.

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. தொட்டி 33 அடி உயரத்தில், அதாவது 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், கீழே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் இடத்திலும் 1 கிலோ அழுத்தம் இருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய உங்கள் விரல் நகத்தின் அளவு. அந்த நகத்தின் மேல் ஒரு கிலோ படிக்கல்லை வைத்தது போல! குழாய் வேலை செய்பவர்கள் இதைத்தான் "ஒரு கிலோ பிரஷர்" என்று சொல்கிறார்கள்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதன் பெரிய விமானத்தின் உயரம் சுமார் 60 அடி. அந்த உச்சியில் ஒரு தொட்டி இருப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். அதில் இருந்து தரைக்கு ஒரு குழாய் வந்தால், அடியில் அழுத்தம் சுமார் 1.8 கிலோ.

இருபது மாடிக் கட்டிடத்தின் உச்சியில் தொட்டி இருந்தால்? முதல் மாடிக் குழாய் அதற்கு 200 அடி கீழே இருக்கும். அழுத்தம் சுமார் 6 கிலோ! அதே கட்டிடத்தில் இருபதாவது மாடியில் இருப்பவர்களுக்கு அரைக் கிலோகூடக் கிடைக்காது. மேலே இருப்பவர் "தண்ணீர் வரவில்லை" என்கிறார். கீழே இருப்பவர் "தண்ணீர் அடிக்கிறது" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

"தொட்டி பெரியது. அதனால்தான் வேகம் அதிகம்" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. தொட்டியின் அகலத்துக்கும் அழுத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. உயரம் ஒன்றுதான் கணக்கு.

பிரான்சு நாட்டில் பாஸ்கல் என்ற அறிஞர் இருந்தார் (1623-1662). அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். தண்ணீர் நிறைந்த ஒரு மரப் பீப்பாயின் மூடியில், மிகவும் ஒல்லியான நீளக் குழாய் ஒன்றைச் செங்குத்தாகப் பொருத்தினாராம். மேலே ஏறி நின்று அந்தக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாராம். கனமான பீப்பாய் விரிந்து பிளந்துவிட்டதாம்! ஊற்றிய தண்ணீர் கொஞ்சம்தான். ஆனால் அது நின்ற உயரம் அதிகம். கதை எப்படியோ, கணக்கு சரியானது. இன்று உலகம் முழுவதும் அழுத்தத்தை அளக்கும் அலகுக்கு அவருடைய பெயர்தான்.

பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே காட்டலாம். ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் மேலே ஒன்று, நடுவே ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று சிறு துளைகள் போடுங்கள். தண்ணீர் நிரப்புங்கள். மேல் துளையில் தண்ணீர் வழியும். அடித் துளையில் பீறிடும்!

பாதி மூடிய கதவு

இப்பொழுது அந்தக் கல்யாண இரவுக்குத் திரும்புவோம்.

அப்பா வால்வைப் பாதி மூடினார். குழாயைத் திறந்தபோது வேகம் குறைந்தது உண்மை. ஆனால் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டால் என்ன ஆகும்?

ஒரு சினிமாக் கொட்டகையின் கதவைப் பாதி மூடுகிறோம். ஜனங்கள் மெதுவாகத்தான் உள்ளே போவார்கள். ஆனால் படம் தொடங்குவதற்குள் கொட்டகை நிறைந்துவிடும். கதவு பாதி மூடியிருப்பதால் கொட்டகையில் பாதிக் கூட்டம்தான் இருக்கும் என்று சொல்ல முடியுமா?

தண்ணீரும் அப்படித்தான். ஓடும்போதுதான் பாதி மூடிய வால்வு அதைத் தடுக்கும். ஓட்டம் நின்றுவிட்டால், வால்வுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு அழுத்தமோ, இந்தப் பக்கமும் அவ்வளவு வந்து நின்றுவிடும். 6 கிலோ என்றால் 6 கிலோ. ஒரு துளியும் குறையாது.

அதனால்தான் குழாய் பகலில் வெடிக்கவில்லை. பகலில் யாராவது ஒருவர் தண்ணீர் பிடித்துக் கொண்டே இருப்பார்கள். அழுத்தம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். இரவில் எல்லாரும் உறங்கும்போது, குழாய்க்குள் தண்ணீர் முழுப் பலத்தோடு விழித்திருக்கும்!

உப்புக் காற்றின் வேலை

இன்னொரு பகைவனும் இந்தக் கரையில் உண்டு. உப்புக் காற்று.

கைகழுவும் தொட்டிக்கு அடியில் வளையும் குழாய் ஒன்று இருக்கும். வெளியே எவர்சில்வர் கம்பி பின்னியிருப்பார்கள். உள்ளே இருப்பது ரப்பர். அழுத்தத்தைத் தாங்குவது அந்தக் கம்பிதான். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று நினைக்கிறோம். ஆனால் உப்பு பட்டுக் கொண்டே இருந்தால் அதுவும் மெல்ல அரிக்கப்படும். தரை துடைக்கும் மருந்துகளின் ஆவியும் கெடுதல் செய்யும். ஒவ்வொரு கம்பியாக அறுந்து போகும். பிறகு ரப்பர் வீங்கும். ஒரு நாள் "படார்!"

பழைய இரும்புக் குழாய்களும் கடற்கரையில் சீக்கிரம் துருப்பிடிக்கின்றன. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாகவோ சுண்ணாம்பு கலந்ததாகவோ இருந்தால், வால்வுகளுக்குள் வெள்ளைப் படிவம் உட்கார்ந்து அவற்றை அசைய விடாது.

சுவருக்குள் சம்மட்டி

சுவருக்குள் கேட்டதே "டொக், டொக்" சத்தம், அது என்ன?

ஓடிக் கொண்டிருக்கும் தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால், அது குழாயை மோதும். வேகமாகப் போகும் பஸ்சில் திடீரென்று பிரேக் போட்டால் நிற்பவர்கள் எல்லாரும் முன்னால் சாய்வது போல! இதற்குத் "தண்ணீர்ச் சம்மட்டி" என்று பெயர்.

சலவை இயந்திரத்தின் வால்வு கண் இமைக்கும் நேரத்தில் மூடிக் கொள்கிறது. திருகாமல் தட்டி மூடும் குழாய்களும் அப்படியே. அதனால்தான் அங்கே சத்தம் அதிகம்.

ரஷ்ய நாட்டு அறிஞர் ஜுக்கோவ்ஸ்கி, 1897, 1898-ம் ஆண்டுகளில் மாஸ்கோ நகரின் குடிநீர்க் குழாய்களில் இதைச் சோதித்துக் கணக்கு வகுத்தார். இரும்புக் குழாயில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகும் தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால், ஒரு கணம் 10 கிலோவுக்கும் மேல் அழுத்தம் எகிறும். பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் அதில் இந்த அடி குறைவு. ஆனாலும் தினமும் பல தடவை அடித்தால் எந்த ஒட்டும் ஒரு நாள் விட்டுப் போகும்.

கடலை அழுத்தும் 60 கிலோ

அப்படியானால் அழுத்தம் கெட்டதா? இல்லவே இல்லை!

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே நெம்மேலி இருக்கிறது. அங்கே கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குகிறார்கள். நாளுக்கு 10 கோடி லிட்டர் தரும் முதல் நிலையம் 2013-ம் ஆண்டு திறக்கப்பட்டது. 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது நிலையம் 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பக்கத்துப் பேரூரில் 40 கோடி லிட்டர் நிலையத்துக்கு 2023-ம் ஆண்டு ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. தெற்கே கல்பாக்கத்தில் அணுசக்தித் துறையும் 2002-ம் ஆண்டு முதல் கடல் நீரைக் குடிநீராக்கிக் காட்டியது.

இந்த நிலையங்களில் உப்பைப் பிரிப்பது எது? அழுத்தம்தான்!

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. மிக மெல்லிய சவ்வு ஒன்றின் வழியாக அதைத் தள்ள வேண்டும். தண்ணீர் மட்டும் போகும். உப்பு நின்றுவிடும். சும்மா தள்ளினால் போகாது. சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோ அளவில் தள்ள வேண்டும். ஒரு ஆள் உங்கள் நகத்தின் மேல் ஏறி நிற்பது போல! இந்தச் சவ்வை 1960-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் உருவாக்கிய இருவரில் ஒருவர் லோப். மற்றொருவர் இந்தியாவில் பிறந்த சௌரிராஜன்.

இத்தனை பாடுபட்டும், 100 லிட்டர் கடல் நீர் கொடுத்தால் 40, 45 லிட்டர்தான் நல்ல தண்ணீராகத் திரும்பி வரும். 1,000 லிட்டர் நல்ல தண்ணீருக்கு 3, 4 யூனிட் மின்சாரம் செலவாகும்.

அழுத்தத்தால் பிறந்த தண்ணீர், வீட்டில் அழுத்தத்தாலேயே வீணாகலாமா? ஒரு குழாயில் விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளைக்கு 20 லிட்டருக்கும் மேல் போய்விடும். மாதத்துக்கு 600 லிட்டர்! அழுத்தம் நான்கு மடங்கு ஏறினால், அதே அளவு திறந்த குழாயில் தண்ணீர் இரண்டு மடங்கு கொட்டும். கை கழுவும் நேரம் என்னவோ அதேதான்.

ஆலையில் 60 கிலோ வேண்டும். அடுப்படியில் 2 கிலோ போதும். இடம் அறிந்து நிற்பதுதான் அழுத்தத்துக்கு அழகு.

உங்கள் வீட்டில் எப்படி?

கீழ்க்கண்ட அறிகுறிகளைக் கவனியுங்கள்.

குழாயைத் திறந்தவுடன் தண்ணீர் தெறிக்கிறதா?

குழாயை மூடியதும் சுவரில் சத்தம் கேட்கிறதா?

புது வாஷர் போட்டும் ஒரு மாதத்தில் மீண்டும் சொட்டுகிறதா?

கழிவறைத் தொட்டி இரவில் தானாக நிறைந்து வழிகிறதா?

பகலில் சரியாக இருக்கும் குழாய், அதிகாலையில் திறந்தால் மட்டும் முதலில் "புஸ்" என்று அடிக்கிறதா?

இவற்றில் இரண்டு, மூன்று இருந்தால் அழுத்தத்தை அளந்து பாருங்கள். அதற்குக் கடிகாரம் போன்ற ஒரு கருவி உண்டு. "கேஜ்" என்று கேட்டால் குழாய்ச் சாமான் கடையில் கொடுப்பார்கள். விலை சில நூறு ரூபாய்தான். குழாயில் திருகி, வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுப் பார்க்க வேண்டும். பகலில் ஒரு தடவை. ஊர் அடங்கிய பிறகு ஒரு தடவை. இரவில் பார்ப்பதுதான் முக்கியம்!

ஒன்றரை முதல் 3 கிலோ வரை இருந்தால் சுகம். 4 கிலோவைத் தாண்டினால் கவனம் தேவை. அமெரிக்கக் குழாய் விதிகளில், ஏறக்குறைய ஐந்தரைக் கிலோவைத் தாண்டினால் அழுத்தத்தைக் குறைக்கும் கருவி கட்டாயம்.

கீழ் வீடும் ஒரு மாடியும் உள்ள சாதாரண வீடு, மொட்டை மாடியில் தொட்டி என்றால் பயமே வேண்டாம். அங்கே ஒரு கிலோகூட வராது. ஆனால் பிரஷர் பம்ப் மாட்டியிருந்தால், எத்தனை கிலோவுக்கு வைத்திருக்கிறது என்று பார்த்துக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள்.

வாசலில் ஒரு காவலர்

குழாய் வெடித்த மறுநாள் அந்த வீட்டுக்குக் குழாய் வேலைக்காரர் வந்தார். வெடித்ததை மாற்றினார்.

"ஏன் தம்பி, இனிமேல் வெடிக்காதே?" என்று பாட்டி கேட்டார்.

"இதை மட்டும் மாற்றினால் வெடிக்கும் அம்மா. இது வெடிக்காவிட்டால் வேறு ஒன்று வெடிக்கும். அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்."

"நான்தான் வால்வைப் பாதி மூடியிருந்தேனே?" என்றார் அப்பா.

"அது கதவு சார். உங்களுக்கு வேண்டியது காவலர்!"

அந்தக் காவலரின் பெயர் அழுத்தம் குறைக்கும் வால்வு. கடையில் "பி.ஆர்.வி." என்பார்கள். அதற்குள் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு ரப்பர் தகடும் இருக்கும். வீட்டுப் பக்கம் அழுத்தம் ஏறினால் தகடு எழும்பி வழியைச் சுருக்கும். குறித்த அளவு வந்ததும் வழியை மூடிவிடும். நீங்கள் குழாயைத் திறந்தால் மீண்டும் வழி விடும். கொட்டகை வாசலில் ஆட்களை எண்ணி எண்ணி உள்ளே விடுகிற காவலர் போல!

இதை வீட்டின் பெரிய வால்வுக்கு அடுத்தபடியாகப் பொருத்த வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வடிகட்டி அவசியம். மணலும் சுண்ணாம்பும் உள்ளே போனால் காவலர் உறங்கிவிடுவார். உடம்பில் அம்புக் குறி இருக்கும். தண்ணீர் போகும் திசையில் அம்பு இருக்க வேண்டும். பெரும்பாலான வால்வுகளில் மேலே உள்ள திருகை வலப்பக்கம் சுற்றினால் அழுத்தம் ஏறும். இடப்பக்கம் சுற்றினால் குறையும். கேஜைப் பார்த்துக் கொண்டே 2 அல்லது 3 கிலோவில் நிறுத்தினால் போதும்.

"எங்கள் கட்டிடத்தில் ஏற்கெனவே இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். பெரிய கட்டிடங்களில் கீழ் மாடிகளுக்கு இந்த வால்வு வைப்பது வழக்கம். நடுவில் ஒரு தொட்டி வைத்து அழுத்தத்தை உடைப்பதும் உண்டு. ஆனால் வைத்தவர் போய்விடுவார். பிறகு பார்ப்பவர் யார்? வால்வின் இருக்கை தேய்ந்தால், இரவில் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஏறிவிடும். பகலில் ஒன்றும் தெரியாது. நம் கதையில் வந்த கட்டிடத்திலும் வால்வு இருந்தது. உப்புப் படிந்து பல காலம் அசையாமல் கிடந்தது!

குடியிருப்போர் சங்கம் கூடும்போது மேடை நாற்காலியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைப் பேசலாம். ஆண்டுக்கு ஒரு முறை வடிகட்டியைக் கழுவ வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் அழுத்தத்தை அளந்து எழுதி வைக்க வேண்டும். புது வீடு வாங்குகிறவர்கள், சமையல் அறைப் பளிங்கைத் தடவிப் பார்ப்பதோடு நிற்காமல், "இந்த மாடியில் தண்ணீர் எத்தனை கிலோ?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

வெந்நீர்ப் பெட்டி ஜாக்கிரதை!

எல்லாவற்றையும்விட முக்கியமானது வெந்நீர் போடும் "கீசர்".

தண்ணீர் சூடானால் பெருகும். 25 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியில் இருந்து 70 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் அரை லிட்டர் அதிகமாகும். அது எங்காவது போக வேண்டும். போக வழி இல்லை என்றால் பெட்டிக்குள் அழுத்தம் ஏறும். அதற்காகத்தான் கீசரின் அடியில் ஒரு பாதுகாப்பு வால்வு வைத்திருக்கிறார்கள். சூடாகும்போது அதில் சில சொட்டுகள் விழும்.

"சொட்டுகிறதே" என்று அதை அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. துணி கட்டுகிறவர்கள் உண்டு. ஆணி வைத்து அடிக்கிறவர்களும் உண்டு. இதைவிடப் பெரிய தவறு வேறு இல்லை! உயிர் காக்கும் வால்வு அது. அதை அடைத்தால் கீசர் வெடிகுண்டாக மாறக் கூடும். சொட்டுவது ஓயாமல் தொடர்ந்தால், அழுத்தம் அதிகம் என்று அது உங்களை எச்சரிக்கிறது என்று பொருள்.

புதிதாக அழுத்தம் குறைக்கும் வால்வு வைக்கும் வீடுகளில், பெருகும் தண்ணீர் திரும்பிப் போக முடியாமல் போகலாம். ஆகவே அந்த வேலையோடு கீசரின் பாதுகாப்பு வால்வையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். கீசர் வாங்கும்போது, அது எத்தனை கிலோ அழுத்தம் தாங்கும் என்று அதன் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

செலவில்லாத பாதுகாப்பு

சில காரியங்களுக்குக் காசே வேண்டாம்.

குழாயை மெதுவாகத் திறந்து மெதுவாக மூடுங்கள். பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.

வெளியே தெரியும் குழாய்கள் ஆடினால் சுவரோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.

தொட்டிக்கு அடியில் உள்ள வளையும் குழாயை மாதம் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். கம்பி அறுந்திருந்தால், பச்சையாகவோ பழுப்பாகவோ கறை இருந்தால், வீங்கியிருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். கடற்கரை வீட்டில் ஐந்தாண்டு வரை காத்திருக்காமல் மாற்றுவது நல்லது.

சொட்டும் குழாயைப் பலம் கொண்ட மட்டும் இறுக்காதீர்கள். வாஷர் நசுங்கி இன்னும் அதிகமாகச் சொட்டும்.

கடைசியாக ஒன்று. வெளியூர் போகும்போது பெரிய வால்வை முழுவதும் மூடிவிட்டுப் போங்கள். வீட்டில் உள்ள எல்லாருக்கும், பாட்டிக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும்கூட, அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் கற்பனைக் குடும்பத்தில் இப்பொழுது புதுப் பழக்கம் ஒன்று வந்துவிட்டது. வெளியூருக்குப் புறப்படும்போது அப்பா விளக்கை அணைக்கிறார். அம்மா காஸ் அடுப்பை மூடுகிறார். பாட்டி சாமி மாடத்தில் கும்பிடுகிறார்.

சின்னப் பெண் ஓடிப் போய்ப் பெரிய வால்வைத் திருகி மூடிவிட்டு வந்து சொல்கிறாள்:

"தண்ணீரையும் உறங்க வைத்துவிட்டேன். இனிமேல் போகலாம்!"